கணவர் "உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்கிறார்: ஜெர்மனியில் பிரிந்த பிறகு இருக்க முடியுமா?

நித்திலா_கோவை (2025 ஏப்ரல் 6)

வணக்கம். இங்கே இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், மன்னிக்கவும்.

2022 பிப்ரவரி 14 அன்று கணவரோடு சேர ஃபேமிலி விசாவில் வந்தேன். அவர் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான பெர்மிட்) இருக்கிறார், ஐடி வேலை. எனக்கு அவரோடு சேர்த்துத்தான் பெர்மிட் கொடுத்திருக்கிறார்கள், ஆகஸ்ட் 20 வரை செல்லும். குழந்தை இல்லை. கோவையில் இ.சி.இ. படித்தேன், இங்கே வந்து ஜெர்மன் மொழி பி1 (இடைநிலை) முடித்தேன், இப்போது ஒரு பேக்கரியில் பகுதி நேரம்.

மார்ச் 22 அன்று வீட்டை விட்டு வந்துவிட்டேன். ஒரே நாளில் எடுத்த முடிவில்லை. கடைசி ஒரு வருடம் என் சம்பள அக்கவுண்டின் கார்டு அவர் கையில்தான் இருந்தது, பால் வாங்கப் போனாலும் பில்லைக் காட்ட வேண்டும். இப்போது ஒரு தோழி வீட்டு ஹாலில் படுத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டையும் பெர்மிட் கார்டையும் எடுத்து வந்துவிட்டேன், நகை அங்கேயே இருக்கிறது.

அவர் தினமும் மெசேஜ் அனுப்புகிறார். "நான் ஸ்பான்சர், ஒரு மெயில் போட்டால் உன் விசா கேன்சல், அடுத்த வாரம் உன்னை ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள்" என்று. மாமியார் ஊரிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, பெண்ணே கேட்டுக்கொண்டு திரும்பி வந்தால் மானமாவது மிஞ்சும் என்றிருக்கிறார். அப்பா பயந்துபோய் டிக்கெட் போடட்டுமா என்கிறார்.

உண்மையிலேயே அவர் கேன்சல் செய்ய முடியுமா? விவாகரத்து ஆகும் நாள் வரை நான் இருக்கலாமா, அதற்கு முன்பே போகச் சொல்வார்களா?

பழைய_மாணவன் (ஏப்ரல் 6)

முதலில் மூச்சு விடுங்கள். கணவரால் உங்கள் பெர்மிட்டை ரத்து செய்ய முடியாது. அதைக் கொடுத்தது வெளிநாட்டவர் அலுவலகம், குறைக்கவோ நீட்டவோ அதிகாரம் அவர்களுக்குத்தான். பிரிந்துவிட்டோம் என்று அவர் எழுதிப் போடலாம், அவ்வளவுதான் அவர் கையில் இருப்பது. அப்படி எழுதினாலும் அலுவலகம் முதலில் உங்கள் தரப்பைக் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், பதில் சொல்லக் கெடுவும் தருவார்கள்.

இரண்டாவது விஷயம்தான் நம் ஆட்கள் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது. ஜெர்மனியில் கணக்கு விவாகரத்து நாளை வைத்து இல்லை. கல்யாண நாளை வைத்தும் இல்லை. வதிவுச் சட்டத்தின் 31வது பிரிவு கேட்பது, இரண்டு பேரும் சட்டப்படி இந்த நாட்டில் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தது குறைந்தது 3 வருடமா என்பதை. ஊரில் கல்யாணம் ஆகி விசாவுக்காகக் காத்திருந்த மாதங்கள் இதில் சேராது. பிரிந்த நாளோடு கணக்கு நின்றுவிடும், அதன் பிறகு விவாகரத்து கிடைக்க இரண்டு வருடம் இழுத்தாலும் அந்த இரண்டு வருடம் உதவாது.

உங்கள் கணக்கு: 2022 பிப்ரவரி 14 முதல் 2025 மார்ச் 22 வரை. 3 வருடமும் ஐந்து வாரமும். தாண்டிவிட்டீர்கள்! அப்படியென்றால் அவருடைய பெர்மிட்டைச் சாராமல் உங்களுக்கே முதலில் 1 வருடம் நீட்டிப்புக் கிடைக்க வழி இருக்கிறது. அந்த முதல் வருடத்தில் அரசு உதவித்தொகை வாங்கினாலும் அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் செலவுக்கு நீங்களே சம்பாதிப்பதைக் காட்ட வேண்டிவரும்.

இந்த வாரமே செய்யுங்கள்: தோழி வீட்டு முகவரியில் பதிவு செய்யுங்கள், குடி மாறி 2 வாரத்துக்குள் செய்ய வேண்டியது அது, வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்துப் படிவம் வாங்க வேண்டும். அப்புறம், அந்த வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், பழைய முகவரிக்கு வந்தால் உங்கள் கணவர் எடுத்துவிடுவார். கெடு உள்ள கடிதம் கைக்கு வராமலே கெடு முடிந்துபோன கதைகள் எனக்கே இரண்டு தெரியும்.

கொங்கு_79 (ஏப்ரல் 6)

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இவ்வளவு நாள் பொறுத்தாய், இன்னும் கொஞ்சம் பொறுத்து அதே வீட்டிலிருந்தே நிரந்தர பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். என் சொந்தக்காரப் பெண் அப்படித்தான் செய்தாள். இப்போது கூட இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசினால், ஒரு ஆறு மாதம் ஒரே கூரையில் இருந்துவிட்டு...

ஹம்_அக்கா (ஏப்ரல் 7)

கொங்கு அண்ணா, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்லுறீங்கள், ஆனா இந்தக் கதையை நான் இருபத்தைஞ்சு வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். கொஞ்சம் பொறு, கடதாசி வரட்டும். அந்தக் கொஞ்சத்துக்குள்ள என்ன நடக்கும் எண்டு சொல்லுற ஆள் ஒருத்தரும் அந்த வீட்டுக்குள்ள இருக்கிறதில்லை.

நான் 1998இல் வந்தனான். அப்ப 4 வருஷம் சேர்ந்து இருக்க வேணும் எண்டு சட்டம். எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, ஒரு சொல்லும் தெரியாது. அடி வாங்கிக்கொண்டு நாள்காட்டியில நாளை வெட்டிக்கொண்டிருந்தனான், குசினிச் சுவரில சாமிப்படத்துக்குப் பின்னால அந்தக் காலண்டரை வைச்சிருந்தனான், ஒவ்வொரு இரவும் ஒரு கோடு. 2000ஆம் ஆண்டு அதை 2 வருஷமாக் குறைச்சவை. எனக்கு அது ஆறு மாதம் கழிச்சுத்தான் தெரிய வந்தது, அதுவும் பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரி சொல்லி. ஆறு மாதம் நான் சும்மா அடி வாங்கியிருக்கிறன். பிறகு 2011 யூலையில திரும்ப 3 வருஷமாக்கினவை, கள்ளக் கலியாணத்தைத் தடுக்க எண்டு சொல்லி.

அதால இதை வாசிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுறன். 3 வருஷம் ஆகேல்லை எண்டாலும், வீட்டில அடி உதை இருந்தால் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே 31ஆம் பிரிவின்ர 2ஆம் பந்தியில கடும் நெருக்கடிக்கு விலக்கு இருக்கு, வீட்டு வன்முறை எண்டு அதில பேர் சொல்லியே எழுதியிருக்கு. பிள்ளையின்ர நலனும் அதில வரும். ஆனா வாயால சொன்னால் போதாது. டொக்டரிட்டப் போய்க் காயத்தை எழுதி எடுங்கோ. பொலிசுக்குப் போனால் அந்த வழக்கு இலக்கத்தை எழுதி வையுங்கோ. பெண்கள் காப்பகத்தில இருந்தால் அவையின்ர கடிதம். குடும்ப நீதிமன்றத்தில கிட்ட வரக்கூடாது எண்டு உத்தரவு எடுக்கலாம், அதுக்கு 2002இல இருந்து தனிச் சட்டம் இருக்கு.

116 016 எண்டு ஒரு இலக்கம். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, பேர் சொல்லத் தேவையில்லை. தமிழ் இல்லை, ஆனா ஆங்கிலத்தில கதைக்கலாம். ஃபோன் பில்லிலயும் அந்த இலக்கம் விழாது.

நித்திலா, அப்பாவிட்ட டிக்கெட் போட வேண்டாம் எண்டு சொல்லு. இப்ப ஊருக்குப் போகாதை. ஒரேயடியாப் போறாய் எண்டு பதிவானால் அந்த நாளோட அனுமதி போச்சு. போய்ச் சும்மா இருந்தாலும் 6 மாதத்தில முடிஞ்சிடும், ப்ளூ கார்ட் குடும்பத்துக்கு 12 மாதம். விடுமுறை எண்டு கூட்டிக்கொண்டு போய் அங்க கடவுச்சீட்டைப் பறிச்சுப்போட்டுத் தனிய திரும்பி வந்த ஆம்பிளைகளை எனக்குத் தெரியும்.

நித்திலா_கோவை (ஏப்ரல் 9)

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அப்பாவிடம் பேசிவிட்டேன், டிக்கெட் வேண்டாம் என்று. தபால் பெட்டியில் பெயர் ஒட்டியாயிற்று.

ஆனால் இன்று தோழி வீட்டுக்கே ஒரு கடிதம் வந்திருக்கிறது, அவருடைய வக்கீலிடமிருந்து. அதில் "என் கட்சிக்காரர் 2024 நவம்பர் 1 முதல் மனைவியைப் பிரிந்து அதே வீட்டில் தனியாக வாழ்ந்து வருகிறார்" என்று எழுதியிருக்கிறது. நவம்பரில் ஒரு சண்டைக்குப் பிறகு அவர் மூன்று வாரம் இன்னொரு ரூமில் படுத்தார், அது உண்மை. டிசம்பரில் அவரே திரும்பி வந்தார். தை மாதம் இரண்டு பேரும் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். இரண்டு பேர் பெயரிலும் ரயில் டிக்கெட் இருக்கிறது.

கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு தாள். போட்டால் விவாகரத்து சீக்கிரம் முடியும், செலவும் மிச்சம் என்று எழுதியிருக்கிறார்கள். போடலாமா?

பழைய_மாணவன் (ஏப்ரல் 9)

போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

அந்தத் தாளில் இருக்கும் தேதியைப் பாருங்கள். நவம்பர் 1 என்று நீங்கள் ஒப்புக்கொண்டால் சேர்ந்து வாழ்ந்த காலம் 2 வருடம் எட்டரை மாதம் ஆகிவிடும். 3 வருடம் போய்விட்டது. விவாகரத்துக் கோர்ட்டில் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்ற விதிக்காக நிறையப் பேர் சீக்கிரம் முடியட்டும் என்று முன்தேதி போட்டுக்கொள்வார்கள், இரண்டு பேருக்கும் அதில் சம்மதம் என்றால் நீதிபதியும் பெரும்பாலும் தோண்டிக் கேட்பதில்லை. ஆனால் அதே காகிதம் நாளைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஃபைலில் வந்து உட்காரும். நான்கு மாதம் சீக்கிரம் விவாகரத்து கிடைக்கும் என்று நினைத்து இருக்கிற உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டு அழுத ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரே வீட்டுக்குள் பிரிந்து வாழ்வது என்பது இங்கே சட்டத்தில் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் அதற்குத் தனிப் படுக்கை மட்டும் போதாது, சமையல், துணி, பணம், வெளியே போவது வருவது எல்லாமே தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். சண்டை போட்டு மூன்று வாரம் வேறு ரூமில் படுத்து மறுபடி சேர்ந்தால் அது பிரிவு என்று ஆகிவிடாது. ரயில் டிக்கெட், கோயில் படங்கள், ஜனவரி பிப்ரவரியில் "வரும்போது தயிர் வாங்கிட்டு வா" மாதிரி அவர் அனுப்பிய மெசேஜ், எல்லாவற்றையும் இன்றே எடுத்து வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் குறைவு என்றால் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு தருவார்கள், அதைக் கொண்டுபோனால் வக்கீலுக்கு நீங்கள் கொடுப்பது 15 யூரோ. கோர்ட் செலவுக்குத் தனி உதவி கேட்கலாம். அதற்கு முன்னால் கரித்தாஸ், டியாகோனி, ஆவோ மாதிரி தொண்டு நிறுவனங்கள் நடத்தும் குடியேறிகள் ஆலோசனை மையம் எதற்காவது போங்கள், இலவசம்.

ரவுடி_இல்லை (ஏப்ரல் 10)

அப்படியே பிரிந்த தேதியை மே, ஜூன் என்று தள்ளிச் சொன்னால் இன்னும் பலமாக இருக்குமே? மார்ச் என்றால் ஐந்து வாரம்தானே கூட இருக்கிறது.

பழைய_மாணவன் (ஏப்ரல் 10)

வேண்டாம். பெர்மிட்டுக்காகப் பொய்த் தகவல் கொடுப்பது இங்கே தண்டனைக்குரிய குற்றம். முகவரி மாற்றிய தேதி அவர்கள் கணினியிலேயே இருக்கும். அவள் பக்கம் இருக்கும் ஒரே பலம் அவள் சொல்வது உண்மை என்பது. அதைக் கெடுக்காதீர்கள்.

மணற்காடு (ஏப்ரல் 12)

என் விஷயம் கொஞ்சம் வேறு, ஆனால் தேடி வருபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கணவர் ஈழத்தமிழர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை, நாங்கள் இருப்பது ஜெர்மனியில். பிரிந்தவுடன் எல்லோரும் 31ஆம் பிரிவு என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் பார்த்தால் எனக்கு அது இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறை. வேறொரு ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை உள்ளவர் இங்கே வந்து வாழும்போது அவருடைய மனைவிக்குக் கணக்கே வேறு.

இதில் பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து ஆகும் வரை மனைவி மனைவிதான். 1985இல் பெர்லினில் ஒரு செனகல் நாட்டுப் பெண், அவருக்கும் பிரெஞ்சுக் கணவர்தான், அவருடைய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. விவாகரத்துக்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால், வழக்குப் போடும்போது கல்யாணமாகி 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், அதில் 1 வருடம் அந்த நாட்டில். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கணவர் நாட்டை விட்டுப் போவதற்கு முன்பே விவாகரத்து வழக்குத் தொடங்கியிருக்க வேண்டும். 2015இல் அயர்லாந்திலிருந்து போன வழக்கில் மனைவிகள் முதலில் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், பிறகுதான் வழக்கு, அந்தக் கணவர்களுக்கு இந்த விதியின்படி உரிமை இல்லை என்று தீர்ப்பு. என் கணவர் பாரிசுக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அந்த வாரமே மனுப் போட்டேன்.

பாசல்_வாசி (ஏப்ரல் 13)

சுவிஸிலயும் 3 வருஷம்தான், வெளிநாட்டவர் சட்டத்தின்ர 50ஆம் உறுப்புரை. ஆனா 3 வருஷத்தோட மொழி, வேலை எண்டு ஒருங்கிணைவையும் பார்ப்பினம். வன்முறை எண்டால் 3 வருஷம் தேவையில்லை. முந்தி இந்த உரிமை சுவிஸ் பிரஜையின்ர இல்லாட்டி C அனுமதிக்காரரின்ர (நிரந்தரமா இருக்கிறவை) துணைக்குத்தான் இருந்தது. B அனுமதி (கால எல்லையுள்ள வதிவு), F அனுமதிக்காரரை (தற்காலிகமா ஏற்கப்பட்டவை) கட்டி வந்த எங்கட பெண்கள் அதிகாரியின்ர தயவில நிண்டவை. 2025 ஜனவரி 1இல இருந்து அவைக்கும் இந்த உரிமை விரிஞ்சிருக்கு. போன வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவை இப்ப ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.

தறி (ஏப்ரல் 15)

ஆண்களுக்கும் இதே சட்டம்தான் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஜெர்மன் குடியுரிமை உள்ள பெண்ணைக் கல்யாணம் செய்து வந்தவன். 2 வருடத்தில் பிரிந்தோம். மகளுக்கு ஜெர்மன் குடியுரிமை, எனக்கும் பராமரிப்பு உரிமை இருக்கிறது. மைனர் ஜெர்மன் குழந்தையின் பெற்றோர் என்ற முறையில் பெர்மிட் கிடைத்தது. வாரம் மூன்று நாள் கிண்டர்கார்டனிலிருந்து நான்தான் கூட்டி வருகிறேன், அந்த டீச்சர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத்தான் அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

கொங்கு_79 (ஏப்ரல் 15)

ஹம் அக்கா சொன்னதை யோசித்தேன். அந்தச் சொந்தக்காரப் பெண்ணிடம் நேற்று ஃபோனில் பேசினேன். இவ்வளவு வருடம் கழித்து என்னிடம் சில விஷயம் சொன்னாள். நான் முன்னால் எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி.

ஒன்று மட்டும். இங்கே கோர்ட்டில் வாங்கும் விவாகரத்து ஊரில் செல்லுமா என்று பார்த்துக்கொள். நம் உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு தீர்ப்பில் சொன்னது, வெளிநாட்டுத் தீர்ப்பு செல்ல வேண்டுமென்றால் இந்தியத் திருமணச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மனதார அந்த விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். நாளைக்கு நீ மறு கல்யாணம் என்று நினைத்தால் அங்கே சிக்கல் வரக் கூடாது. இங்கே ஒரு வக்கீல் போல ஊரிலும் ஒருவரைக் கேட்டுவிடு.

நித்திலா_கோவை (ஆகஸ்ட் 24)

கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும்.

கையெழுத்துப் போடவில்லை. 15 யூரோவில் ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார்கள். ஜூலை முதல் வாரமே நீட்டிப்பு மனு கொடுத்தேன், பெர்மிட் முடியும் முன் கொடுப்பதுதான் முக்கியம் என்று அவர்கள் மூன்று தடவை சொன்னார்கள். கணவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நவம்பர் தேதியைப் போட்டு எழுதியிருக்கிறார். அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டு இரண்டு வாரக் கெடு கொடுத்தது. ரயில் டிக்கெட், படங்கள், மெசேஜ்கள், பிப்ரவரியில் இரண்டு பேரும் சேர்ந்து என் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டோம், அவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், எல்லாம் வைத்தேன். நவம்பரில் மூன்று வாரம் வேறு ரூமில் இருந்ததையும் மறைக்காமல் எழுதினேன்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று தபால் பெட்டியில் அந்த இடைக்காலச் சான்று வந்துவிட்டது. பச்சை நிறம் மாதிரி மடித்த ஒரு தாள், முடிவு வரும் வரை பழைய பெர்மிட் அப்படியே செல்லும், வேலையும் பார்க்கலாம் என்று. இதற்கிடையில் என் டிகிரியை ஒப்பிட்டு மதிப்பிடக் கொடுத்திருக்கிறேன். 2025ஆம் வருட ப்ளூ கார்டு சம்பள எல்லை 48,300 யூரோ என்பது இப்போதைக்கு எட்டாது, ஐடிக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் குறைவு என்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அம்மாவுக்கு அக்டோபரில் கண் ஆபரேஷன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு பத்து நாள் போய் வர முடியுமா?

ஹம்_அக்கா (ஆகஸ்ட் 24)

அந்தத் தாளை விரிச்சுப் பார். சதுரப் பெட்டிகள் மூண்டு இருக்கும். வதிவுச் சட்டத்தின்ர 81ஆம் பிரிவின்ர 4ஆம் பந்தி எண்டு எழுதின பெட்டியில புள்ளடி இருந்தால் போய்த் திரும்பி வரலாம், பழைய கார்ட்டையும் கூடக் கொண்டு போ. 3ஆம் பந்தியில இருந்தால் போகாதை. போக முதல் வக்கீலம்மாவிட்டயும் ஒருக்காக் கேள், அதுக்குப் பிறகு டிக்கெட்டைப் போடு. எந்தப் பெட்டி?

நித்திலா_கோவை (ஆகஸ்ட் 24)

கடைசிப் பெட்டி அக்கா. 4ஆம் பந்தி.